கடற்கரையைக் கூட்டிய நாள்

'மட்ஃபிளாட்' என்ற சொல்லை நான் முதன்முதலில் உரத்துச் சொன்னது ஒரு கழுதையிடம். பஸ் தரிப்பிடத்தில் என்னைத் தவிர அது மட்டும்தான் நின்றது. மன்னார்த் தீவில் கழுதைக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலம் பேசிப் பழக ஆளுக்குத்தான் பஞ்சம். "கடல் வத்தினதும் வெளியில தெரியுமே சேத்துத் தரை, அதுக்குத்தான் மட்ஃபிளாட் எண்டு பேர்" என்று அதற்கு விளக்கமும் கொடுத்தேன். காதை ஒருதரம் ஆட்டிவிட்டு, கிழிந்து தொங்கிய ஒரு சுவரொட்டியைத் தின்னத் தொடங்கியது. நல்ல மாணவன். குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் தலைமன்னார் வீதியில் சின்ன விடுதி நடத்தும் ஓர் அக்கா. வாடைக் காற்றோடு பறவைகள் வரும். பறவைகளுக்குப் பின்னால் தொலைநோக்கியும் தொப்பியுமாக வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள். அவர்களைக் கூட்டிப்போய்க் காட்ட அக்காவிடம் இருந்தது வான் ஓட்டும் ஓர் அண்ணா மட்டுமே. அவர் கடவுள் படைத்த பறவைகள் அத்தனையையும் 'பிக் பேர்ட்', 'ஸ்மோல் பேர்ட்' என்று இரண்டாகப் பிரித்து வேலையைச் சுலபமாக்கிக்கொண்டவர். பூநாரை பிக் பேர்ட். மற்றதெல்லாம் ஸ்மோல் பேர்ட்.

நான் உயர்தரம் முடித்து, ஒரு டிப்ளோமாவும் முடித்து, அடுத்தது என்ன என்று வீட்டுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. விடுதிக்குப் போய் வேலை கேட்டேன்.

"உனக்கு வாய் இருக்கு, அது தெரியுது. பேருகள் தெரியுமோ?" என்று அக்கா கேட்டார்.

"தெரியும் அக்கா."

தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ளலாம் என்பது தெரியும்.

"அடுத்த மாசம் ரெண்டு பேர் வருகினம். புருசனும் பெண்சாதியும். ஒரு காலமை நீ கூட்டிக்கொண்டு போ. அவை அடுத்த நாளும் உன்னோடதான் போகவேணும் எண்டு கேட்டா, வேலை உனக்கு. கேக்காட்டி, குறை நினைக்காதை."

இதைவிட நியாயமான பரீட்சையை நான் எழுதியதில்லை. தோற்றால் என்ன ஆகும் என்பதும் தெளிவாகவே இருந்தது. கொழும்பில் மாமி எனக்காக ஒரு கட்டில் வாங்கிப் போட்டுவிட்டா. குளிரூட்டிய கந்தோர் ஒன்றில் தொலைபேசி எடுக்கிற வேலைக்கும் சொல்லி வைத்துவிட்டா. "கட்டில் சும்மா கிடக்குது பிள்ளை" என்று வாரம் தவறாமல் அழைத்துச் சொல்லுவா, கட்டில் அழுகிறது என்பது போல. மாமியில் எனக்குப் பாசம்தான். ஆனால் கண்ணாடி யன்னலுக்கு உள்ளே ஒரு கதிரையில் நாள் முழுக்க இருப்பதை நினைத்தாலே கால் ஊறும். எனக்குக் காற்று வேண்டும், உப்பு வேண்டும், நடக்க வேண்டும். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் விடுவேனா?

அதனால் சொற்களைப் பிடிக்கத் தொடங்கினேன். நான் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, பத்து வயதில் பேசாலைக்கு வந்தவள். வந்த புதிதில் "ஆமா" என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஒரே மாதத்தில் "ஓம்" என்று மாறினேன். ஒரு கடலைத் தாண்டி ஒரு தமிழிலிருந்து இன்னொரு தமிழுக்கு வந்தவளுக்கு ஆங்கிலத்தில் கொஞ்சச் சொல் பிடிப்பது பெரிய வேலையா என்ன? சைக்கிளில் போகும்போது கண்ணில் பட்டதையெல்லாம் ஆங்கிலத்தில் கூப்பிட்டுக்கொண்டு போனேன். மணல்மேடு வந்தால் "டியூன்!" கண்டல் பற்றை வந்தால் "மாங்குரோவ்!" காற்றாலையின் இறக்கை சுற்றுவதைப் பார்த்து "ரினியூவபிள் எனர்ஜி!" என்று நான் கத்த, எதிரே மீன்பெட்டியோடு வந்த ஒருவர் தன்னைத்தான் ஏசுகிறேன் என்று நினைத்து மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்துப்போன சொல் 'ஹபிடாட்'. வாயில் போட்டு மென்று பார்த்தால் முறுக்குப் போல இருந்தது. எதற்கும் அதைச் சொன்னேன். விளைவு, கடைச் சந்தியில் நிற்கும் பெடியன்கள் எனக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். "ஹபிடாட் அக்கா, எங்க பயணம்?" "ஹபிடாட் அக்கா, சைக்கிளுக்குக் காத்து இல்லை!" ஃபாதர்கூட ஒருநாள் பூசை முடிந்து வாசலில் நின்று, "என்ன ஹபிடாட், நேற்றுக் காணேல்லை?" என்றார். அதோடு அது ஞானஸ்நானப் பெயர் போல நிலைத்துவிட்டது.

எல்லாச் சொல்லும் என்னை மகிழ்விக்கவில்லை. காற்று விஷயத்தில் ஆங்கிலம் என்னைக் கைவிட்டது. எங்களுக்கு வாடை வேறு, சோளகம் வேறு, கச்சான் வேறு, கொண்டல் வேறு. ஒவ்வொன்றும் வேறு திசை, வேறு மீன், வேறு மனநிலை. அப்பா கடலுக்குப் போகிற ஆள். காலையில் முற்றத்தில் நின்று "கச்சான் எடுத்திட்டுது" என்று சொன்னால், அன்றைக்கு வீட்டில் யாரும் அவரோடு அதிகம் கதைக்கமாட்டோம். இதையெல்லாம் ஆங்கிலத்தில் தேடினால், திசையின் பெயரும் பின்னால் 'விண்ட்' என்ற சொல்லும். விலாசம் கிடைத்தது, ஆளைக் காணவில்லை.

ஆனால் 'ஸ்ட்ராண்ட்லைன்' என்ற சொல் வந்தபோது அதே ஆங்கிலத்தை மன்னித்துவிட்டேன். அலை ஏறி வந்து, திரும்பும்போது கரையில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும். சாதாழை என்கிற கடற்புல், சிப்பி, கணவாய் ஓடு, மரத்துண்டு, அறுந்த வலை எல்லாம் அந்தக் கோட்டில் கிடக்கும். வாடை வீசும் மாதங்களில் எங்கள் கரையில் அந்தக் கோடு முழங்கால் உயரத்துக்கு இருக்கும். அதில் கிடக்கிற ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் பெயர் உண்டு. கோட்டுக்கு நான் கேட்ட வரையில் ஒரு பெயர் இல்லை. பத்து வயதிலிருந்து தாண்டித் தாண்டி நடந்த ஒன்றை, அந்தச் சொல் கிடைத்த அன்றுதான் நின்று பார்த்தேன். அதற்குள் நண்டு ஓடுகிறது, தெள்ளுப்பூச்சி போலச் சின்ன உயிர்கள் துள்ளுகின்றன, அவற்றைத் தின்ன உள்ளான் என்கிற கரைப்பறவைகள் வருகின்றன. குப்பை என்று நினைத்தது ஒரு சாப்பாட்டு மேசை.

அங்கேதான் என் திட்டம் முழுவதும் தயாரானது. பூநாரையை வான் அண்ணாவும் காட்டுவார். நான் காட்டப்போவது எங்கள் கரையின் ஸ்ட்ராண்ட்லைன். எங்கே தொடங்குவது, எந்த மரக்கட்டையில் நின்று எதைச் சொல்வது என்று ஒரு கிழமையாக நடந்து நடந்து பார்த்தேன்.

வீட்டிலும் ஒத்திகை நடந்தது. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருக்க, நான் அவவையே வெளிநாட்டுக்காரி ஆக்கி ஆங்கிலத்தில் விளாசினேன்.

"அதென்னடி வாய்க்கு வாய் ஹபிடாட்?"

"அதுகள் இருக்கிற இடம் அம்மா. வீடு மாதிரி. அந்தச் சாதாழை நண்டுக்கு வீடு, உள்ளானுக்குச் சாப்பாட்டு அறை. அந்த வீட்டைத்தான் அவைக்குக் காட்டப்போறன்."

"எங்கட கரைக்கோ கூட்டிக்கொண்டு வாறாய்?" அம்மாவின் கத்தி நின்றது.

"ஓம். காலமை வெள்ளண."

"வெளிநாட்டுச் சனத்தை?"

"ஓம் அம்மா."

அம்மா ஒன்றும் பேசாமல் மீனைக் கழுவினா. கோவில் மாதர் சங்கத்தில் முன்னுக்கு நிற்கிற மனுசி எங்கள் அம்மா. அவ பேசாமல் இருந்தால் எங்கோ ஏதோ திட்டம் நடக்கிறது என்று பொருள். இதை நான் கவனித்திருக்க வேண்டும். என் தலைக்குள் அப்போது 'இன்டர்டைடல்' என்ற சொல் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் மாலையே விடுதிக்குப் போய்த் தங்கிவிட்டேன். விடிய எழும்பி அங்கிருந்தே விருந்தாளிகளோடு புறப்படுவது ஏற்பாடு. விருந்தாளி அம்மா நல்ல கலகலப்பு. வானில் ஏறியதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். பனை ஏன் இவ்வளவு, கழுதைகள் யாருடையவை, மீன் காயும் மணம் எத்தனை மணிக்குத் தொடங்கும்? அவருடைய கணவர் மூன்று கால் தொலைநோக்கியைக் குழந்தை போல மடியில் வைத்திருந்தார்; பேசவில்லை. அக்கா முன் இருக்கையில் இருந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி வந்தார். பரீட்சை மேற்பார்வை.

"இன்றைக்கு உங்களுக்கு ஒரு ஸ்ட்ராண்ட்லைன் காட்டப்போகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தக் கணவரின் தலை முதல்முறையாக நிமிர்ந்தது. ஆகா, மீன் கொத்திவிட்டது.

வான் எங்கள் கரைக்குத் திரும்பியது. முதலில் கண்ணில் பட்டவை கொடிகள். திருவிழாவுக்குக் கட்டுகிற சிவப்பு, மஞ்சள், நீலக் கடதாசிக் கொடிகள் படகுக்குப் படகு கயிற்றில் படபடத்துக்கொண்டு நின்றன. யாருக்கோ கலியாணம் என்று நினைத்தேன். இறங்கி நடந்தேன்.

கரையைக் காணவில்லை.

கடல் இருந்தது. மணல் இருந்தது. இடையில் ஒன்றும் இல்லை. ஒரு சிப்பி இல்லை. ஒரு துண்டுச் சாதாழை இல்லை. என் மரக்கட்டை இல்லை. குப்பைவாரியின் பல்லுக் கோடுகள் மணலில் நேர்நேராக, தலைவாரிவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளையின் தலை போலக் கிடந்தன. படபடக்கும் கொடிகளுக்குப் பயந்து ஒரு பறவையும் அண்டவில்லை. நண்டுகள் வளையை விட்டு வெளியே வரவில்லை. கூட்டிய மணலில் கடலைப் பார்த்தபடி பிளாஸ்ரிக் கதிரைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கதிரைகளுக்குப் பக்கத்தில் அம்மா, பூசைக்குக் கட்டுகிற சேலையில். அப்பா வெள்ளைச் சேட்டில். அவர்களுக்குப் பின்னால் மாதர் சங்கம் முழுமையாக, தேத்தண்ணிக் கேத்தலோடு.

பேசாலையில் இது வழமை. திருவிழாவுக்கு மாதா கரைக்கு வந்து படகுகளை ஆசீர்வதிக்கும்போது, கோவில் வாசலிலிருந்து அலை வரைக்கும் கூட்டி, கொடி கட்டி, கதிரை போடுவார்கள். பெரிய ஆள் வருகிறார் என்றால் ஊருக்குத் தெரிந்த ஒரே மரியாதை இதுதான். நான் ஊருக்கு வந்த முதல் வருடத்திலேயே விளக்குமாறு பிடித்தவள். எனக்குத் தெரியாததல்ல, மறந்துபோனேன்.

அம்மாவின் அருகில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "அம்மா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"நேற்று நீ போன கையோட கூட்டினனாங்கள், ராவு ஒதுங்கினதை விடிய எழும்பித் திரும்பவும் கூட்டினனாங்கள். குனிஞ்சு குனிஞ்சு நாரி விட்டுப்போச்சு" என்றா அம்மா பெருமையாக.

"அதைக் காட்டத்தானே கூட்டிக்கொண்டு வந்தனான்!"

"எதை?"

"அந்தச் சாதாழையை!"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. "குப்பையைக் காட்டவோ? வீடு எண்டு நீதானே சொன்னனி. ஆக்கள் வாற வீட்டைக் கூட்டாமல் விடுறதோ?"

விருந்தாளிகள் கதிரைகளில் இருத்தப்பட்டார்கள். ஆளுக்கொரு கோப்பை தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுக்கப்பட்டது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும்தான். மாமியின் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, விரிப்பு விரித்து, தலையணை வைத்து.

நான் தொண்டையைச் செருமினேன். "இது" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன், "கடற்கரை."

மேலே சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மாதமாகச் சேர்த்த சொற்கள் எல்லாம் வாய்க்குள் நின்றன; வெளியே வந்தால் இருக்க இடமில்லை.

"அது தெரியுது" என்று வான் அண்ணா பின்னாலிருந்து தமிழில் சொன்னார்.

மாதர் சங்கம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததும் பயம் போய்விட்டது. சமாளிக்கிற எண்ணத்தை விட்டுவிட்டு உள்ளதை அப்படியே சொன்னேன். நேற்றுவரை இங்கே ஓர் அருமையான ஸ்ட்ராண்ட்லைன் இருந்தது. நீங்கள் வருகிறீர்கள் என்று எங்கள் ஆட்கள் அதைக் கூட்டிவிட்டார்கள். மாதாவுக்குச் செய்கிற மரியாதையை உங்களுக்குச் செய்திருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், காட்ட ஒன்றும் மிச்சமில்லை.

விருந்தாளி அம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. அன்றைய முதல் கேள்வியைக் கேட்டார்.

"எங்கே கொட்டினார்கள்?"

நான் மொழிபெயர்த்தேன். ஒழுங்காக அகற்றினோமா என்று சோதிக்கிறார் என்று அப்பா நினைத்துவிட்டார். "சீச்சீ, கடலுக்குள்ள போடேல்லை. அங்கால தென்னம்பிள்ளையளுக்குப் பசளையாப் போட்டிருக்கு. வாங்கோ, காட்டுறன்" என்று முன்னே நடந்தார்.

படகுகளுக்குப் பின்னால், வேலி ஓரத்தில் அது கிடந்தது. எங்கள் கரை முழுவதும் ஒரே குவியலாக, மனிதர் உயரத்துக்கு. அதன் மேல் எங்கும் உயிர். கொடிகளுக்குப் பயந்து கரையை விட்ட உள்ளான்கள் இங்கே வந்திருந்தன. முதுகில் கறுப்பும் வெள்ளையும் மண்நிறமுமாய், குட்டைச் செம்மஞ்சள் காலோடு, சாதாழையைச் சொண்டால் நெம்பி நெம்பிப் பிரட்டிக்கொண்டிருந்தன.

"டர்ன்ஸ்டோன்!" என்று நான் கத்தியதும் கணவர் கத்தியதும் ஒன்றாகவே நடந்தது. பறவைகள் எழும்பி, சுற்றி, பசி பெரிதோ என்னவோ, திரும்ப இறங்கின.

"அதுக்கு என்ன பேராம்?" என்று அப்பா கேட்டார்.

"கல்லைத் திருப்புறது எண்டு பேர் அப்பா. எங்கட புத்தகத்திலயும் கல்திருப்பி உள்ளான் எண்டுதான் கிடக்கு."

"இஞ்ச எங்க கல்லு?" என்றார் அப்பா. "பிரட்டுறது சாதாழை. பேர் வைச்ச ஆள் பேசாலைக்கு வரேல்லைப் போல."

இதை மொழிபெயர்த்தபோது அந்தக் கணவரும் சிரித்துவிட்டார். அதன்பிறகு என் வேலை ஓட்டமாகிவிட்டது. விருந்தாளி அம்மா குவியலுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாய் எடுப்பார். நான் ஆங்கிலத்தில் சொல்லுவேன். மாதர் சங்கம் தமிழில் கத்தும். கணவாய் ஓடு வந்தது. "கிளிக்குக் கூட்டுக்குள்ள வைக்கிறது, அதையும் சொல்லு!" கடற்பஞ்சு வந்தது. சுறா முட்டையின் காய்ந்த கூடு வந்தது, நாலு மூலையிலும் கொம்போடு. அதற்கு ஆங்கிலத்தில் கடற்கன்னியின் பணப்பை என்று பெயர் என்றேன். "கடற்கன்னிக்கு என்னத்துக்குக் காசு?" என்று ஒரு மாமி கேட்க, "மீன் வாங்க" என்று இன்னொரு மாமி சொல்ல, நான் சிரித்து முடித்து மொழிபெயர்ப்பதற்குள் என் மரக்கட்டை வந்துவிட்டது. "ட்ரிஃப்ட்வுட்" என்று அதற்கு முத்தம் கொடுக்காத குறையாய்ச் சொன்னேன். கூட்டிய கரையில் அம்மா தனியாக நின்று, வரிசை கலைந்த கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு அவவும் வந்தா. "நாங்கள் ஒண்டாச் சேர்த்து வைச்சதாலதானே சுகமாப் பாக்கினம்" என்று காதோடு சொன்னா.

வெயில் ஏறிய பிறகுதான் வானில் ஏறினோம். கணவர் இப்போது ஏறும்போதே பேசிக்கொண்டு ஏறினார். அலை இன்று இரவு புதுக்கோடு போடும் அல்லவா, அதை அது கிடக்கிற இடத்திலேயே பார்க்க வேண்டும், நாளைக்கும் இந்தப் பெண்ணோடு வரலாமா என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "கேட்டிட்டினம்."

"ஓம் அக்கா, கேட்டது."

"ஆனா நாளைக்கும் கொடியும் கதிரையும் எண்டா, மூண்டாம் நாள் ஒருத்தரும் வராயினம். ஊரைச் சமாளிக்கிறது உன்ர பொறுப்பு."

அன்று பின்னேரம் வீடு வீடாகப் போனேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான பிரசாரம் செய்ததில்லை. விருந்தாளி வரும்போது ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்வதை யாரும் நம்பவில்லை. "ஒரு கை கூட்டிவிட்டா என்ன?" "கொடி மட்டும் கட்டட்டோ?" "பிள்ளை, எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?" கடைச் சந்திப் பெடியன்கள்தான் கைகொடுத்தார்கள். கொடியைக் கழற்றிச் சுற்றி வைத்து, "ஹபிடாட்டில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது!" என்று தெருவெல்லாம் அறிவித்துக்கொண்டு போனார்கள். அம்மாவிடம் மட்டும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் விடியலில் வான் நின்றபோது எனக்கு இறங்கவே பயமாக இருந்தது. இறங்கினேன். கோடு இருந்தது. கரைநெடுக, ஈரமாக, பச்சையும் கறுப்புமாக, புதிதாக. அதன் மேல் கல்லே இல்லாத கரையில் கல்திருப்பிகள் காலை உணவில் இருந்தன. கணவர் மூன்று கால் தொலைநோக்கியை மணலில் ஊன்றினார். நான் குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினேன்.

வீட்டு வேலியடியில் ஒரு கதிரை போட்டு அம்மா இருந்தா, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மத்தியானம் போய், ஏன் திரும்பி இருந்தனீங்கள் என்று கேட்டேன்.

"பாத்தா கை சும்மா இராது பிள்ளை" என்றா. "மாமிக்குப் போன் அடிச்சுச் சொன்னனியே, கட்டிலை மடிக்கச் சொல்லி?"